கீழே விழுந்த ஹெல்மெட்டை மறுபடியும் அணியலாமா? சோதித்து முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

காவிரி டெல்டாவில் பைக் ஓட்டுகிறவர் யாராக இருந்தாலும், அவருடைய ஹெல்மெட் எப்போதாவது கைதவறிக் கீழே விழுந்திருக்கும். டீக்கடை வாசலில் சைடு மிர்ரரில் மாட்டியது காற்றுக்கு நழுவி விழும். நெல் கொள்முதல் நிலையத்தில் சீட்டின்மேல் வைத்தது, மூட்டை தூக்கிச் செல்பவரின் கைபட்டு சிமெண்டுக் களத்தில் உருளும். வீட்டுத் திண்ணையில் வைத்ததைக் குழந்தை இழுத்துத் தள்ளிவிடும். எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு போகலாமா, புதிது வாங்க வேண்டுமா என்று கேட்டால் நம் ஊரில் இரண்டு பதில்கள்தான் கிடைக்கின்றன. ஒருமுறை விழுந்தாலே அது வீண் என்பார் ஒருவர். ஓடு உடையாத வரைக்கும் ஒன்றும் ஆகாது என்பார் இன்னொருவர். இரண்டுமே சரியல்ல. இவற்றில் இரண்டாவதைத்தான் நான் பெரிதும் அஞ்சுகிறேன். ஏனென்றால், ஓடு முழுதாக இருக்க, உள்ளே இருப்பது நசுங்கிப்போன ஹெல்மெட்டை அணிந்திருப்பவர், தமக்குப் பாதுகாப்பு இருக்கிறது என்றே நம்பிக்கொண்டு வண்டி ஓட்டுகிறார்.

விழுந்த ஹெல்மெட்டை எந்த வரிசையில் பார்க்க வேண்டும், எதைக் கண்டால் உடனே ஒதுக்க வேண்டும், எதைக் கண்டு அஞ்சத் தேவையில்லை என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். இதற்குத் தனிக் கருவி எதுவும் வேண்டாம். நல்ல பகல் வெளிச்சம், ஒரு பாத்திரம் தண்ணீர், செல்போன் டார்ச் ஆகியவை போதும்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது

ஹெல்மெட்டின் வெளி ஓடு ஏ.பி.எஸ்., பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக் வகைகள், கண்ணாடி இழை (ஃபைபர் கிளாஸ்) ஆகியவற்றில் ஒன்றால் செய்யப்படுகிறது. கூரான பொருள் உள்ளே துளைக்காமல் தடுப்பதும், ஓரிடத்தில் விழும் அடியைப் பரந்த இடத்துக்குப் பிரித்துக் கொடுப்பதும் அதன் வேலை. மண்டையைக் காப்பாற்றும் முக்கியமான வேலையைச் செய்வது அதற்கு உள்ளே இருக்கும் தடித்த தெர்மாகோல் அடுக்கு. டி.வி. பெட்டியில் வரும் தெர்மாகோலின் இனத்தைச் சேர்ந்ததுதான் இது. ஆனால் அடர்த்தி கணக்கிட்டு அச்சில் வார்க்கப்பட்டது. தலை வேகமாகச் சென்று மோதும்போது இந்த அடுக்கு நசுங்குகிறது. அந்த நசுங்கலில் மோதலின் ஆற்றல் செலவாகி, தலை ஒரே கணத்தில் சடாரென்று நிற்காமல், சில மில்லி நொடிகள் கூடுதலாக எடுத்துக்கொண்டு நிற்கிறது. மூளைக்குப் போகும் அதிர்ச்சி அதனால்தான் குறைகிறது. ஒருமுறை நசுங்கிய தெர்மாகோல் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. அடுத்த முறை அதே இடத்தில் அடி விழுந்தால் நசுங்குவதற்கு அங்கே எதுவும் மிச்சம் இருக்காது.

அதற்கும் உள்ளே இருக்கும் துணி வைத்த ஸ்பாஞ்ச், தலைக்கு இதமாக இருப்பதற்கும் ஹெல்மெட் ஆடாமல் பொருந்துவதற்கும் மட்டும்தான். ஆனால் தெர்மாகோலை நம் கண்ணிலிருந்து மறைப்பதும் இந்த ஸ்பாஞ்சுதான் என்பதால், சோதனையை மேலோட்டமாக முடித்துவிடக் கூடாது.

சாதாரணமாகக் கைதவறி விழுவதில் எவ்வளவு சேதம் ஆகும் என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1.3 கிலோ எடையுள்ள ஹெல்மெட் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் தரையில் மோதும் ஆற்றல் ஏறத்தாழ 13 ஜூல். முன்பு நடைமுறையில் இருந்த இ.சி.இ. 22.05 என்ற ஐரோப்பிய விதியின்படி ஹெல்மெட்டைச் சோதித்தபோது, சுமார் 5 கிலோ எடையுள்ள தலை மாதிரியை அதற்குள் பொருத்தி, வினாடிக்கு 7.5 மீட்டர் வேகத்தில் கெட்டியான இரும்புக் கட்டையின்மேல் மோதவிட்டார்கள். அந்தத் தலை மாதிரியின் ஆற்றல் மட்டுமே ஏறத்தாழ 140 ஜூல். இது பத்து மடங்குக்கும் மேல். அதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. உரலுக்கும் உலக்கைக்கும் நடுவே அகப்பட்டால்தான் நெல் குத்துப்படும். அதுபோல, வெளியே தரையும் உள்ளே தலையும் சேர்ந்து நெருக்கும்போதுதான் தெர்மாகோல் நசுங்குகிறது. வெறும் ஹெல்மெட் விழுகையில் உள்பக்கத்திலிருந்து அழுத்துவதற்கு ஒன்றும் இல்லை. ஹெல்மெட் தரம் பற்றி நெடுங்காலமாக ஆராயும் அமெரிக்காவின் ஸ்னெல் அறக்கட்டளையும், மேசையிலிருந்தோ வண்டியிலிருந்தோ ஒருமுறை விழுந்ததற்காகவே ஹெல்மெட்டை மாற்ற வேண்டியதில்லை என்றும், தலை உள்ளே இருக்கும்போது படும் அடியே உண்மையான சேதத்தை உண்டாக்குகிறது என்றும் சொல்கிறது. அடிக்கடி விழுந்துகொண்டே இருந்தால் காக்கும் திறன் குறையலாம் என்பதையும் அது சேர்த்தே சொல்கிறது.

முதல் படி: விழுந்தபோது தலை உள்ளே இருந்ததா?

வேறு எதையும் பார்ப்பதற்கு முன் இந்தக் கேள்விக்கு விடை வேண்டும். வண்டியிலிருந்து விழுந்து, ஹெல்மெட் அணிந்த தலை சாலையிலோ பாலத்தின் கட்டைச் சுவரிலோ மரத்திலோ மோதியிருந்தால், மேற்கொண்டு சோதனை எதுவும் தேவையில்லை. அந்த ஹெல்மெட்டை மாற்றியே ஆக வேண்டும். வெளியே ஒரு கீறல்கூட இல்லை என்பது இங்கே செல்லாது.

நம் பகுதியில் இந்த இடத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். தை மாதத்தில் சம்பா அறுவடை முடிந்து தார்ச்சாலையில் பாதி அகலத்துக்கு நெல்லைக் காயப் போட்டிருப்பார்கள். அதன்மேல் டயர் ஏறினால் வண்டி வழுக்கும். வயலிலிருந்து ஏறும் டிராக்டர் சாலையில் உதிர்த்துவிட்டுப் போகும் களிமண், ஐப்பசி மழையில் கூழாகிக் கிடக்கும். இப்படிப்பட்ட இடங்களில் மெதுவாகச் சாய்ந்து விழுந்து, தலை தரையில் ‘டொக்’கென்று பட்டு, எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம். அடி படவில்லை என்ற நிம்மதியில் ஹெல்மெட்டை மறந்துவிடுகிறோம். நின்ற நிலையிலிருந்து பக்கவாட்டில் சாய்ந்தாலே தலை ஒன்றரை மீட்டருக்குக் குறையாத உயரத்திலிருந்து இறங்கி வந்து மோதுகிறது. நமக்கு அடி படாமல் போனதற்கு அந்தத் தெர்மாகோல் நசுங்கியதும் காரணமாக இருக்கலாம். ஆகவே வண்டி எவ்வளவு மெதுவாக ஓடியது என்பதைக் கணக்கில் எடுக்காதீர்கள். தலை மோதியதா என்பதை மட்டும் நேர்மையாக நினைவுகூருங்கள். அப்படி மோதிய பிறகு தலைவலி, வாந்தி, மயக்கம், தூக்கக் கலக்கம் ஆகியவற்றில் எது இருந்தாலும், ஹெல்மெட்டைப் பார்ப்பதற்கு முன் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இரண்டாம் படி: எங்கிருந்து, எதன்மேல், எதை உள்ளே வைத்தபடி விழுந்தது?

தலை உள்ளே இல்லை என்பது உறுதியானால், விழுந்த விதத்தைப் பாருங்கள். இடுப்பு உயரத்திலிருந்து மண் தரையிலோ புல்லிலோ விழுந்திருந்தால் கவலைக்குப் பெரும்பாலும் இடமில்லை. சிமெண்டுத் தளம், கருங்கல் படி, ஜல்லி பெயர்ந்த சாலை என்றால் ஓட்டில் விரிசல் விழும் வாய்ப்பு சற்றுக் கூடும். மாடியிலிருந்து விழுந்தது வேறு வகை: உயரம் மூன்று நான்கு மடங்கு கூடும்போது மோதும் ஆற்றலும் அதே மடங்கு கூடுகிறது. இரண்டாம் மாடியிலிருந்து கல் தரையில் விழுந்த ஹெல்மெட்டை நானாக இருந்தால் மறுபடி அணிய மாட்டேன்.

ஓடும் வண்டியிலிருந்து கழன்று விழுந்ததைப் பற்றியும் சொல்ல வேண்டும். கையில் மாட்டிக்கொண்டோ பின்சீட்டில் கயிறு கட்டியோ கொண்டுபோகும்போது விழும் ஹெல்மெட், வேகத்தின் பெரும்பகுதியைச் சாலையில் உருண்டும் தேய்ந்தும் இழக்கிறது. அதனால் பார்வைக்குக் கோரமாகத் தேய்ந்திருந்தாலும் உள்ளே நன்றாக இருக்கக் கூடும். ஆனால் உருண்டு போய் மைல்கல்லிலோ மதகுச் சுவரிலோ மோதியிருந்தாலும், பின்னால் வந்த வண்டி அதன்மேல் ஏறியிருந்தாலும் ஒதுக்கிவிடுவதே சரி.

அடுத்தது, உள்ளே என்ன இருந்தது என்பது. கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பும்போது ஹெல்மெட்டைக் கூடையாகப் பயன்படுத்தும் வழக்கம் நம்மிடம் நிறைய இருக்கிறது. பூட்டு, டிபன் பாக்ஸ், தேங்காய், ஒரு கிலோ சர்க்கரை என எதையாவது அதற்குள் போட்டு ஹேண்டில்பாரில் மாட்டிவிடுகிறோம். அது விழும்போது உள்ளே இருக்கும் கனம் தலையின் வேலையைச் செய்து தெர்மாகோலை இடிக்கிறது. தலையைவிடச் சிறிய பரப்பில், கூரான விளிம்போடு இடிக்கிறது.

பாபநாசம் பக்கத்தில் பால் ஊற்றும் ஒருவரின் ஹெல்மெட்டைப் பார்த்திருக்கிறேன். வெளியே வலது பக்கத்தில் நகம் அளவுக்குப் பெயின்ட் உதிர்ந்திருந்தது. மற்றபடி பளபளப்பாக இருந்தது. வண்டிச் செயினுக்குப் போடும் கனத்த பூட்டை உள்ளே வைத்தபடி அது சொசைட்டி வாசலில் விழுந்ததாகச் சொன்னார். ஸ்பாஞ்சை விலக்கியபோது, உச்சந்தலை படும் இடத்தில், பூட்டின் அடிப்பாக அளவுக்கே ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அதன் ஓரத்திலிருந்து இரண்டு விரல் நீளத்துக்கு ஒரு விரிசல் பின்பக்கமாக ஓடியிருந்தது. விரலை வைத்தால் தெர்மாகோல் மணிகள் உப்புப்போல உதிர்ந்தன. அவருடைய தலை முதலில் மோதக்கூடிய இடத்திலேயே பாதுகாப்பு போயிருந்தது.

மூன்றாம் படி: கழுவி, வெளி ஓட்டைப் பார்த்தல்

புழுதியும் சேறும் இருக்கும்வரை விரிசல் தெரியாது. வெறும் தண்ணீரில், தேவையானால் குளிக்கும் சோப்பை மிகக் கொஞ்சமாகக் கலந்து, மெல்லிய துணியால் துடைத்து நிழலில் உலர விடுங்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் ஆகியவற்றால் ஒருபோதும் துடைக்கக் கூடாது. அவை தெர்மாகோலைக் கரைத்துவிடும், பாலிகார்பனேட், ஏ.பி.எஸ். ஓடுகளைக் கண்ணுக்குத் தெரியாமல் நொறுங்கும் தன்மை உடையதாக்கிவிடும்.

உலர்ந்தபின் விழுந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடியுங்கள். பெயின்ட் உதிர்ந்திருக்கும் இடத்தின் குறுக்கே விரல் நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். கீறலாக இருந்தால் நகம் வழுக்கிப் போகும். விரிசலாக இருந்தால் அதன் உதட்டில் நகம் தடுக்கும். பிளாஸ்டிக் ஓட்டில் அடிபட்ட இடம் வெளுத்துப் போயிருந்தால், அந்த இடத்தில் பொருள் இழுபட்டுப் பலவீனமாகியிருக்கிறது என்று பொருள். கண்ணாடி இழை ஓட்டில் சேதம் நட்சத்திர வடிவில் மெல்லிய கோடுகளாகப் பரவும். விரலால் அழுத்தினால் அந்த இடம் மட்டும் மெத்தென்று உள்வாங்கும்.

ஓட்டின் கீழ் விளிம்பைச் சுற்றியிருக்கும் ரப்பர் பட்டையையும், கண்ணாடி பூட்டப்பட்டிருக்கும் இரண்டு திருகுகளின் சுற்றுப்புறத்தையும் தவறாமல் பாருங்கள். விரிசல்கள் பெரும்பாலும் விளிம்பிலும் துளையிலுமிருந்துதான் தொடங்குகின்றன. பிறகு ஹெல்மெட்டை இரு கைகளாலும் காதுப் பக்கத்தில் பிடித்து, மெதுவாக உள்நோக்கி அழுத்தியும் வெளியே விரித்தும் பாருங்கள். ‘கிரீச்’ என்றோ ‘டிக்’ என்றோ புதிதாக ஒரு சத்தம் வந்தால் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் அணிய வேண்டாம். முரட்டுத்தனமாக அழுத்த வேண்டியதில்லை. தலையில் போடும்போது விரிக்கும் அளவே போதும்.

பெயின்ட் உதிர்வும் மேலோட்டமான தேய்மானமும் மட்டுமே இருந்தால், இந்தப் படியில் ஹெல்மெட் தேறியது என்று எடுத்துக்கொள்ளலாம்.

நான்காம் படி: தெர்மாகோலைச் சோதித்தல்

இதற்கு அதிக நேரம் கொடுங்கள். கன்னப் பகுதி ஸ்பாஞ்சும் உச்சிப் பகுதித் துணியும் கழற்றக் கூடியவையாக இருந்தால், பட்டன்களை ஒவ்வொன்றாக விடுவித்து எடுத்துவிடுங்கள். விலை குறைந்த பல ஹெல்மெட்டுகளில் துணி ஒட்டியே இருக்கும். அதைப் பிய்க்காமல், ஓரத்தை விலக்கி டார்ச் அடித்துப் பாருங்கள். மறைந்திருக்கும் இடத்தைத் துணியின் மேலிருந்தே கட்டைவிரலால் தடவி உணரலாம்.

வெளியே அடிபட்ட இடத்துக்கு நேர் உள்பக்கத்தில் தொடங்குங்கள். கட்டைவிரலால் மிதமாக அழுத்தி, அதே இடத்தின் மறுபக்கத்தையும் அதே அளவு அழுத்தி ஒப்பிடுங்கள். வலமும் இடமும் ஒரே உறுதியோடு இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தணிந்திருந்தாலும், மணிகள் தட்டையாகிப் பளபளத்தாலும், விரிசல் ஓடியிருந்தாலும், தொட்டால் உதிர்ந்தாலும் அந்த ஹெல்மெட்டின் ஆயுள் முடிந்தது. அச்சில் வார்க்கும்போதே விழுந்த வரிகள் நேராகவும் இருபுறமும் ஒன்றுபோலவும் இருக்கும். விரிசல் வளைந்து நெளிந்து ஒரு பக்கத்தில் மட்டும் ஓடும். இந்த வேறுபாட்டை வைத்து வீண் பயத்தைத் தவிர்க்கலாம்.

அடுத்து, தெர்மாகோலுக்கும் ஓட்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்திருக்கிறதா என்று விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். ஹெல்மெட்டைக் காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே எதுவும் ஆடக் கூடாது. விரல் முட்டியால் ஓட்டைச் சுற்றிலும் தட்டிக்கொண்டே வந்தால், ஒட்டியிருக்கும் இடத்தில் அடைத்த ஓசையும், விலகியிருக்கும் இடத்தில் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோன்ற ஓசையும் கேட்கும்.

இந்தச் சோதனையில், விழுந்ததற்குத் தொடர்பே இல்லாத இரண்டு சேதங்களும் அகப்படக் கூடும். சைடு மிர்ரரிலோ பின்சீட்டுக் கம்பியின் முனையிலோ ஹெல்மெட்டைத் தினமும் கவிழ்த்து மாட்டுவதால், அந்த முனை உள்ளே குத்திச் சிறு குழியை உண்டாக்கும். பெட்ரோல் டேங்கின்மேல் கவிழ்த்து வைக்கும் பழக்கம் இருந்தால், மூடி வழியாகக் கசியும் ஆவி தெர்மாகோலை மெல்ல அரிக்கும். ஒரு நாள் கைதவறி விழுந்ததைவிட, ஆண்டுக்கணக்கில் நடக்கும் இவ்விரண்டும் கூடுதல் கேடு செய்கின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

ஐந்தாம் படி: வாரும் பக்கிளும்

வார் தைக்கப்பட்ட இடத்தில் நூல் பிரிந்திருக்கிறதா, ஓட்டில் அடிக்கப்பட்ட ஆணி ஆடுகிறதா என்று பாருங்கள். விழும்போது பக்கிள் தரையில் மோதியிருந்தால் அதன் பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருக்கலாம். பூட்டி, பலமாக இழுத்துப் பாருங்கள். பல முறை செய்தாலும் ஒருமுறைகூட நழுவக் கூடாது. நாகப்பட்டினம், வேதாரண்யம், தரங்கம்பாடி போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்கள் உப்புக் காற்றால் இரும்புப் பாகங்களில் துரு ஏறியிருக்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும்.

பிறகு அணிந்து வாரைப் பூட்டிக்கொண்டு, பிடரிப் பக்கத்தைப் பிடித்து முன்நோக்கித் தூக்கிப் பாருங்கள். ஹெல்மெட் தலையை விட்டுக் கழன்று வந்துவிட்டால், விழுந்ததோ விழவில்லையோ, அது உங்களுக்கு உதவாது.

ஆறாம் படி: கண்ணாடி

கண்ணாடி உடைந்தாலோ கீறினாலோ ஹெல்மெட்டை மாற்ற வேண்டியதில்லை. அதே மாடலுக்கான கண்ணாடியை வாங்கிப் பொருத்தினால் போதும். ஆனால் கீறிய கண்ணாடியோடு இரவில் ஓட்டாதீர்கள். எதிரே வரும் லாரியின் விளக்கு ஒவ்வொரு கீறலிலும் பட்டுச் சிதறி, ஆற்றங்கரைச் சாலையின் விளிம்பையே மறைத்துவிடும்.

ஏழாம் படி: வயதைச் சேர்த்து முடிவெடுத்தல்

உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டில் தயாரிப்பு மாதத்தையும் ஆண்டையும் தேடுங்கள். வியர்வையும் தலை எண்ணெயும் வெயிலும் பசையையும் உள் அடுக்கையும் மெல்லக் கெடுப்பதால், ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது ஸ்னெல் அறக்கட்டளை. நம் புழுக்கத்தையும், தேங்காய் எண்ணெய் தடவிய தலையோடு தினமும் அணிவதையும் நினைத்தால், அந்த ஐந்தாண்டைத் தாண்டிப் போக நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். நான்கு ஆண்டு ஓடிய ஹெல்மெட் சிமெண்டுத் தரையில் பலமாக விழுந்து, சோதனையில் சிறு ஐயம் எழுந்தால்கூட மாற்றிவிடுங்கள். போன மாதம் வாங்கியது இடுப்பு உயரத்திலிருந்து வெறுமனே விழுந்து, மேற்சொன்ன எல்லாப் படிகளிலும் தேறினால், மன நிம்மதியோடு அணியலாம்.

ஐயம் தீரும்வரை ஹெல்மெட் இல்லாமல் ஓட்டலாம் என்று யாரும் முடிவெடுத்துவிடக் கூடாது. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஹெல்மெட் அணிவது மரண ஆபத்தை 42 சதவீதமும் தலைக்காய ஆபத்தை 69 சதவீதமும் குறைப்பதாகக் கண்டிருக்கிறார்கள். புதியது வரும்வரை வீட்டிலிருக்கும் வேறொரு நல்ல ஹெல்மெட்டை அணியுங்கள், அல்லது பஸ்ஸில் போய் வாருங்கள்.

செய்யக் கூடாத பழுதுபார்ப்பு

விரிசலில் ஃபெவிக்விக் விடுவது, எம்-சீல் பூசுவது, தெர்மாகோல் பள்ளத்தில் ஸ்பாஞ்ச் துண்டை வைத்து அடைப்பது, கீறலை மறைக்க ஸ்பிரே பெயின்ட் அடிப்பது ஆகியவை எல்லாம் வேண்டாம். பசையிலும் பெயின்டிலும் இருக்கும் ரசாயனங்கள் ஓட்டையும் தெர்மாகோலையும் தாக்கக்கூடும். அதோடு, சேதம் கண்ணில் படாமல் மறைந்துவிடும். கண்ணாடி, துணி, ஸ்பாஞ்ச் ஆகியவற்றைத் தவிர வேறு எதையும் வீட்டில் மாற்றக் கூடாது.

ஒதுக்கியதை என்ன செய்வது?

நம் வீடுகளில் பழைய ஹெல்மெட் குப்பைக்குப் போவதே இல்லை. பின்னால் உட்கார்ந்து வரும் மனைவிக்கோ, டியூஷனுக்குப் போகும் பிள்ளைக்கோ, வயல் வேலைக்கு வருபவருக்கோ போய்ச் சேர்கிறது. போலீஸ் பிடித்தால் காட்ட ஒன்று இருந்தால் போதும் என்று சொல்லப்படுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு ஓட்டுபவரையும் பின்னால் அமர்பவரையும் வேறுபடுத்திப் பார்க்கவில்லை, சாலையும் பார்ப்பதில்லை. உங்கள் தலைக்கு ஆகாது என்று நீங்களே முடிவு செய்ததை இன்னொருவர் தலையில் வைக்காதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். வாரைக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டி, தெர்மாகோலைப் பிரித்தெடுத்த பிறகே பழைய சாமான் கடைக்குக் கொடுங்கள்.

புதிது வாங்கும்போது ஐ.எஸ். 4151 என்ற எண்ணுடன் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2021 ஜூன் 1 முதல் இந்த முத்திரை இல்லாத ஹெல்மெட்டைத் தயாரிப்பதும் விற்பதும் சட்டப்படி குற்றம். ஆனாலும் சாலையோரத்தில் போலி முத்திரையோடு விற்கிறார்கள். முத்திரைக்குக் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் அந்த எண்ணைக் கடையில் நின்றபடியே போட்டுப் பார்த்தால், உரிமம் பெற்ற நிறுவனத்தின் பெயர் தெரியும். அது ஹெல்மெட்டின்மேல் அச்சிட்டிருக்கும் பெயரோடு ஒத்துப்போகாவிட்டால் பணம் கொடுக்காதீர்கள்.